தொழில் கற்பவனுக்குரிய கடன்

ஓர் இளைஞனை மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கலாம். வயது பதினெட்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு ஃபிட்டர் படிப்பை முடித்துவிட்டு, ஒரு தொழிற்சாலையில் பழகுநராகச் சேர்ந்திருக்கிறான். முதல் வாரத்தில் மேற்பார்வையாளர் அவன் கையில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, குறிப்பிட்ட அளவுக்கு அரத்தால் தேய்த்துத் தரும்படி சொல்கிறார். இளைஞன் கவனமாகத்தான் தேய்க்கிறான். ஆனால் இறுதியில் அளந்து பார்க்கும்போது, வேண்டிய அளவைவிட ஒரு மயிரிழை குறைந்துவிட்டிருக்கிறது. தேய்ந்த இரும்பை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. துண்டு கழிவுத் தொட்டிக்குப் போகிறது.

இப்போது மேற்பார்வையாளர் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. இன்னொரு துண்டைக் கொடுத்து, கை எங்கே சாய்ந்தது என்பதை அருகில் நின்று காட்டுவது ஒரு வழி. ‘இவனுக்கு இது ஒத்துவராது’ என்று முடிவுகட்டி, பெட்டிகளில் பொருள்களை அடுக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவது மற்றொரு வழி. இரண்டாம் வழியால் தொழிற்சாலைக்கு நஷ்டம் இல்லை. இளைஞனின் மாத உதவித்தொகையும் குறையப் போவதில்லை. காலம் முடிந்ததும் கையில் ஒரு சான்றிதழ்கூடக் கிடைக்கலாம். அங்கே யாரும் யாரையும் ஏசவில்லை. எவருடைய பொருளும் களவு போகவில்லை. ஆயினும் அந்த இளைஞனிடமிருந்து ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது.

பறிபோனது எது? அதற்குப் பொறுப்பாளி யார்? பள்ளியையும் பணியிடத்தையும் இணைத்து இளைஞர்களைத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் திட்டங்கள் உலகெங்கும் பேசப்படும் இக்காலத்தில் இந்தக் கேள்வி சிந்திக்கத்தக்கது. இளைஞனைப் பற்றி இங்கே கூறுவதெல்லாம் தொழில் கற்கும் இளம்பெண்ணுக்கும் பொருந்தும்.

கையால் வரும் அறிவு

அறிவில் சொல்லால் வருவதும் உண்டு, கையால் வருவதும் உண்டு. அரத்தை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லிவிடும். அரத்தின் பற்கள் இரும்பைப் பற்றுகின்றனவா, வழுக்குகின்றனவா என்பதைக் கை உணர வேண்டும். அந்த உணர்வை எந்தப் பக்கத்திலும் அச்சிட முடியாது. ஹங்கேரியில் பிறந்த வேதியியல் அறிஞரும் தத்துவ சிந்தனையாளருமான மைக்கேல் போலானி 1958-ல் வெளியிட்ட ‘தனிப்பட்ட அறிவு’ என்ற நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். விதிகளாக எழுதி வைக்க முடியாத ஒரு கலை, ஆசான் செய்வதை அருகில் இருந்து பார்த்துப் பழகும் மாணவன் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்லும் என்பது அவர் கருத்து. ஒரு தலைமுறை அதைக் கைவிட்டால் அது அடியோடு அழிந்துவிடும். ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களை அவர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறினார்.

ஆகவே பணியிடத்தின் வாசம் இல்லாத தொழிற்கல்வி, நீரில் இறங்காமல் நீச்சல் கற்பதைப் போன்றது. அப்படியானால் இளைஞனை நேராகப் பட்டறைக்கே அனுப்பிவிடலாமே, பள்ளி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம்.

இதற்கான விடை அரிஸ்டாட்டிலின் அறவியலில் உள்ளது. வீடு கட்டிக் கட்டியே ஒருவன் வீடு கட்டுபவன் ஆகிறான் என்று அவர் கூறியது பலரும் அறிந்தது. அதையடுத்து அவர் கூறியதைப் பலர் கவனிப்பதில்லை. நல்ல கொத்தனும் வீடு கட்டித்தான் உருவாகிறான். மோசமான கொத்தனும் வீடு கட்டித்தான் உருவாகிறான். அப்படி இல்லையென்றால் உலகில் ஆசிரியர்களுக்குத் தேவையே இருந்திராது என்பது அவர் வாதம். செய்கை மட்டும் ஒருவனுக்குக் கல்வியைத் தந்துவிடாது; பழக்கத்தைத் தரும். பிழையான பழக்கமும் பழக்கம்தான். பத்தாண்டு அனுபவம் என்று ஒருவன் சொல்லிக்கொள்வது, உண்மையில் ஓராண்டுப் பிழையைப் பத்து முறை செய்ததாகவும் இருக்கலாம்.

இரண்டு இடங்கள்

இந்த உண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உணர்ந்து செயல்பட்டவர் கியோர்க் கெர்ஷென்ஸ்டைனர் (1854–1932). 1895-ல் அந்நகரப் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றார். தொடக்கக் கல்வியை முடித்து வேலைக்குச் சென்றுவிட்ட சிறுவர்களுக்கென்று தொடர்கல்விப் பள்ளிகள் அப்போதே இருந்தன. ஆனால் அங்கே நடந்தது பெரும்பாலும் பழைய பாடங்களைத் திருப்பிப் படிப்பதுதான். வேலை செய்து களைத்து வந்த சிறுவர்களை அது ஈர்க்கவில்லை. கெர்ஷென்ஸ்டைனர் அந்தப் பள்ளிகளைத் தொழில்வாரியாகப் பிரித்து அமைத்தார். பள்ளிக்குள்ளேயே பட்டறைகளை ஏற்படுத்தினார். சிறுவனின் தொழிலிலிருந்தே கணக்கும் வரைபடமும் குடிமைப் பண்பும் கிளைத்து வளர வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு வேலையைக் குறையின்றிச் செய்து முடிப்பதில் கிடைக்கும் நேர்மை, குடிமகனுக்குரிய நேர்மைக்கு வித்தாகும் என்று அவர் நம்பினார்.

அந்த மரபு வளர்ந்து இன்று ‘இரட்டைமுறைப் பயிற்சி’ எனப்படுகிறது. ஜெர்மனியில் இளைஞன் ஒரு நிறுவனத்துடன் பயிற்சி ஒப்பந்தம் செய்துகொள்கிறான். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் நிறுவனத்தில் கழியும்; ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளியில் கழியும். பயிற்சிக் காலம் பெரும்பாலும் 2 முதல் 3½ ஆண்டுகள். இவ்வாறு கற்கத்தக்கவையாக அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 300-க்கும் அதிகம். இறுதித் தேர்வை நடத்துவது அவனுக்குப் பயிற்சி அளித்த நிறுவனம் அன்று. தொழில் வணிக மன்றங்கள் அமைக்கும் குழுக்கள் அதை நடத்துகின்றன. முதலாளிகள், தொழிலாளர்கள், தொழிற்பள்ளி ஆசிரியர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் அக்குழுக்களில் உள்ளனர்.

1969-ல் இயற்றப்பட்ட ஜெர்மனியின் தொழிற்பயிற்சிச் சட்டத்தில் ஒரு விதி தனியே கவனிக்கத்தக்கது. பயிற்சியின் நோக்கத்துக்கு உதவுகிற வேலைகளை மட்டுமே பயிற்சி பெறுபவனிடம் ஒப்படைக்க வேண்டும். அவை அவன் உடல் வலிமைக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேலை எளிதா கடினமா, நிறுவனத்துக்கு லாபமா என்பதை அது முதலில் கேட்கவில்லை. இந்த வேலை இவனுக்கு எதைக் கற்றுத் தருகிறது என்று கேட்கிறது. ஓர் அறநெறிக் கேள்வி அங்கே சட்ட விதியாக நிற்கிறது.

ஜெர்மனியின் ஏற்பாட்டில் குறைகளும் உண்டு. அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் சுமார் பத்து வயதிலேயே குழந்தைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். ஒருவன் வாழ்வின் திசை அவ்வளவு இளம் வயதில் முடிவாவது முறையா என்று அங்கேயே பலர் கேட்டு வருகின்றனர். ஆயினும் இரண்டு இடங்களில் கற்பது என்ற ஏற்பாட்டில் ஆழ்ந்த பொருள் உள்ளது. பணியிடத்தின் துணையில்லாத பள்ளி சொற்களோடு நின்றுவிடக்கூடும்; பள்ளியின் துணையில்லாத பணியிடம் தனக்கு வேண்டியதை மட்டும் கற்பித்து நிறுத்திக்கொள்ளக்கூடும். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று காட்டிக்கொடுக்கிறது.

பெயர் ஒன்று, செயல் வேறு

இத்தகைய சாட்சி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு வரலாறே சான்று. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு தொழிலைச் செய்ய விரும்புபவன் குறைந்தது ஏழு ஆண்டுகள் பழகுநராக இருந்திருக்க வேண்டும் என்று விதித்தது. கைத்திறனைக் காப்பது அதன் வெளிப்படையான நோக்கம். காலப்போக்கில் ‘பழகுநன்’ என்ற பெயர் வேறு காரியங்களுக்கும் பயன்பட்டது. பருத்தி ஆலைகள் பெருகியபோது, ஊர்ப் பொதுப்பணத்தில் வளர்ந்த அனாதைக் குழந்தைகள் பழகுநர்கள் என்ற பெயரில் ஆலைகளுக்கு ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுடைய நிலை எத்தகையது என்பதை 1802-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டமே காட்டுகிறது. அவர்களை நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இரவு வேலையை நிறுத்த வேண்டும், எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என்று அது கூறியது. அந்தச் சட்டம் ஒரு சீர்திருத்தமாகக் கருதப்பட்டது என்றால், அதற்கு முன்பு இருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம். பழகுநர் என்று பதிவேட்டில் எழுதப்பட்ட அந்தக் குழந்தைகள் கற்றுக்கொண்ட தொழில் என்ன? அறுந்த நூலை முடிச்சிடுவதுதான்.

பழகுநர் முறையைக் கடுமையாக விமர்சித்தவர்களுள் ஆடம் ஸ்மித் ஒருவர். 1776-ல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலில், நீண்ட பழகுநர் காலம் தேவையற்றது என்று அவர் வாதிட்டார். தன் உழைப்பின் பயன் தனக்குக் கிடைக்காதபோது இளைஞன் சோம்பேறியாகிறான். தொடக்கத்திலிருந்தே அவன் செய்த வேலைக்கு ஏற்பக் கூலி கொடுத்து, அவன் கெடுத்த பொருளின் விலையை அவனையே ஏற்கச் செய்தால் ஊக்கத்தோடு கற்பான் என்பது அவர் கருத்து. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஏழு ஆண்டுகள் ஓர் இளைஞனைக் கட்டிப் போடுவதில் ஆசானின் சுயநலமும் கலந்திருந்தது.

ஆனால் கழிவுத் தொட்டிக்குப் போன அந்த இரும்புத் துண்டை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அதன் விலையை இளைஞனே கொடுக்க வேண்டுமென்றால், அடுத்த முறை அவன் என்ன செய்வான்? தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையையே மீண்டும் மீண்டும் கேட்டு வாங்குவான். தெரியாத வேலையைத் தொட அஞ்சுவான். கற்பது என்பது தெரியாததைத் தொடுவதுதான். எனவே பிழைக்கு அபராதம் விதிக்கும் இடத்தில் கல்வி நடைபெறாது. கற்பவனின் பிழைகளுக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பெற்றோர் கொடுத்துவிடுவர். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பவர் யார்?

நம் நாட்டுச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் பழகுநர் பற்றிய முதல் சட்டம் 1850-ல், கம்பெனி ஆட்சிக் காலத்தில் வந்தது. அனாதைகளும் ஏழைக் குழந்தைகளும் ஒரு தொழிலைக் கற்றுப் பிழைக்க வழிசெய்வது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, தொழிற்பயிற்சி நிலையங்கள் நாடெங்கும் பரவின. 1961-ல் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது.

அந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஸ்மித்தின் கருத்துக்கு நேர்மாறான ஒரு விதி உள்ளது. பழகுநனுக்கு எத்தனை பொருள்கள் செய்தான் என்று எண்ணி அதற்கேற்பத் தொகை கொடுக்கக் கூடாது. உற்பத்தியை அதிகரிப்பதற்கான ஊக்கத்தொகைத் திட்டங்களில் அவனைச் சேர்க்கவும் கூடாது. அவனுக்குக் கிடைப்பது மாதந்தோறும் நிலையான உதவித்தொகை. பிழை செய்யும் உரிமையைச் சட்டம் இவ்வாறு அவனுக்கு மறைமுகமாக அளித்திருக்கிறது.

அதே சட்டம் மற்றொன்றையும் கூறுகிறது. பழகுநன் பயிற்சி பெறுபவன்; தொழிலாளி அல்லன். உடல்நலம், பாதுகாப்பு, பணியில் காயமுற்றால் இழப்பீடு ஆகியவை அவனுக்கு உண்டு. ஆனால் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவனுக்குப் பொருந்தா. இதன் காரணம் நியாயமானதே. கற்க வந்தவனைத் தொழிலாளியாகக் கணக்கிட்டால், அவனிடம் தொழிலாளியின் உற்பத்தியையும் எதிர்பார்க்க நேரும்.

ஆபத்தும் இங்கேதான் மறைந்திருக்கிறது. மாணவன் என்று பதிவு செய்யப்பட்டவனைத் தொழிலாளியாகப் பயன்படுத்தினால், அவன் இரண்டும் கெட்டவன் ஆகிறான். மாணவன் என்பதால் தொழிலாளியின் உரிமை அவனுக்கு இல்லை. தொழிலாளியாக நடத்தப்படுவதால் மாணவனின் பயனும் இல்லை.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தமது ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோதும் இந்தக் கவலை எழுந்தது. கைத்தொழிலை மையமாகக் கொண்டு குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும், அவர்கள் செய்யும் பொருள்களின் வருவாய் பள்ளியின் செலவுக்கு உதவ வேண்டும் என்று அவர் விரும்பினார். திட்டத்தை வகுக்க அமைந்த ஜாகிர் உசேன் குழு அந்தக் கருத்தை ஏற்றது. அதே சமயம், பொருளாதார நோக்கம் மேலோங்கிக் கல்வி நோக்கம் பின்தள்ளப்படும் அபாயம் உண்டு என்று தன் அறிக்கையிலேயே எச்சரித்தது. ஒரு திட்டத்தை ஆதரிப்பவர்களே அதன் ஆபத்தை முதலில் எடுத்துரைத்தது பாராட்டத்தக்கது.

அண்மைக் காலத்தில் இத்துறையில் பல மாற்றங்கள் வந்துள்ளன. 2014-ல் பழகுநர் சட்டம் திருத்தப்பட்டது. 2016-ல் பழகுநரின் உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கும் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் ஜெர்மன் மாதிரியைத் தழுவிய இரட்டைமுறைப் பயிற்சி தொழிற்பயிற்சி நிலையங்களில் அறிமுகமாயிற்று. 2019-ல் திருத்தப்பட்ட விதிகள், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கின. குறைந்தபட்ச உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கு ஏற்ப மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தன. 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை, தொழிற்கல்வியைப் பள்ளிக் கல்வியின் ஓர் அங்கமாக்க வேண்டும் என்றது. வாசல்கள் இவ்வாறு அகலத் திறக்கப்பட்டுள்ளன. வாசலைக் கடந்து உள்ளே வரும் இளைஞனுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சட்டம் ஓரளவுதான் காண முடியும். அவனுக்கு இன்னொரு துண்டு இரும்பு தரப்பட்டதா, இல்லையா என்பது எந்தப் பதிவேட்டிலும் வராது.

மூன்று மறுப்புகள்

இங்கே தொழில் நடத்துவோர் ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம். ‘நிறுவனம் அறச்சாலை அன்று. ஒருவனைப் பயிற்றுவிக்கச் செலவாகிறது. அவனுடைய உழைப்பிலிருந்து நாங்கள் பயன் பெறுவதில் என்ன தவறு?’

பயன் பெறுவதில் தவறில்லை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785-ல் வெளியிட்ட அறவியல் நூலில் கூறிய நெறியைச் சிலர் பிழையாகப் புரிந்துகொள்வதுண்டு. மனிதனைக் கருவியாகப் பயன்படுத்தவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தக் கூடாது, எப்போதும் அவனை ஒரு குறிக்கோளாகவும் மதிக்க வேண்டும் என்றுதான் கூறினார். பழகுநன் செய்த பாகம் ஓர் இயந்திரத்தில் பொருத்தப்பட்டு ஓடுவது அவனுக்கே நல்லது. பயிற்சிக்காகச் செய்து தூக்கி எறியப்படும் துண்டு தராத பொறுப்புணர்வை, பிறர் பயன்படுத்தப் போகும் துண்டு தருகிறது. நிறுவனத்தின் பயனும் இளைஞனின் வளர்ச்சியும் ஒரே செயலில் இணைய முடியும். அவை பிரியும் கணத்தில் எது கைவிடப்படுகிறது என்பதுதான் சோதனை.

இரண்டாவது மறுப்பு: ‘அவன் விரும்பித்தானே கையெழுத்திட்டான்? பெட்டி அடுக்கும் வேலையை அவனும் மறுக்கவில்லையே!’

இந்த மறுப்பு ஓர் உண்மையைக் காணத் தவறுகிறது. ஒரு பொருளை வாங்குபவன் அதன் தரத்தைச் சோதித்துப் பார்த்து வாங்கலாம். கல்வியை அப்படிச் சோதிக்க இயலாது. தனக்குச் சரியாகக் கற்பிக்கப்படுகிறதா என்று மதிப்பிட வேண்டுமானால், கற்க வேண்டியது எது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் அவன் மாணவனாக வந்திருக்கவே மாட்டான். தனக்குத் தரப்படாததைத் தரப்படவில்லை என்று உணரவும் இயலாத நிலையில் இருப்பவன் மாணவன். அதனால்தான் நம் முன்னோர் மாணவனுக்குச் சிரத்தை வேண்டும் என்றனர். ஆசான் தரப்போவது இன்னதென்று அறியாமலே, அது நன்மை தரும் என்று நம்பி வாழ்வின் சில ஆண்டுகளை அவர் கையில் ஒப்படைப்பது சிரத்தை.

இத்தகைய நம்பிக்கை மாணவனைப் பிணைப்பதைவிட ஆசானைப் பெரிதும் பிணைக்கிறது. கண் தெரியாதவன் பணத்தை எண்ணித் தரும்படி நீட்டும்போது, எண்ணுபவனின் நேர்மைக்கு இருமடங்கு பொறுப்பு ஏறுகிறது. ஏமாற்றப்பட்டது அவனுக்குத் தெரியவில்லை என்பது குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது.

மூன்றாவது மறுப்பு இளைஞனிடமிருந்தே வரக்கூடும். ‘வீட்டில் வறுமை. கற்கும் வரை காத்திருக்க என்னால் இயலாது. முழுக் கூலி தரும் வேலைக்கே போய்விடுகிறேன்.’ இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. பசித்திருப்பவனிடம் பொறுமையைப் போதிப்பது தர்மமாகாது. அவன் குடும்பம் ஓரளவேனும் தாங்கக்கூடிய உதவித்தொகையைத் தருவது சமூகத்தின் கடமை. ஜெர்மனியில்கூடப் பயிற்சிக் காலத்துக்கான குறைந்தபட்ச ஊதியத்தை நாடு முழுவதற்கும் சட்டத்தால் நிர்ணயித்தது 2020-ல்தான். உதவித்தொகை என்பது அவன் உழைப்பின் கூலியும் அன்று, பிறர் இடும் பிச்சையும் அன்று. ஒருவன் கற்பதற்கு வேண்டிய காலத்தை அவனுக்கு வாங்கித் தரும் பொருள் அது.

கட்டைவிரல்

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் வரும் ஏகலைவன் கதை இங்கே புதிய பொருளுடன் தோன்றுகிறது. வேடர் குலத்தவன் என்பதால் துரோணர் அவனை மாணவனாக ஏற்கவில்லை. அவன் காட்டில் துரோணரின் மண்ணுருவைச் செய்து வைத்து, அதன் முன்னே தானே வில் பயின்றான். அவனது திறமை வெளிப்பட்டபோது, துரோணர் குருதட்சிணையாக வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டார். அவனும் தயங்காமல் அறுத்துக் கொடுத்தான்.

ஏகலைவனின் பக்தியைப் போற்றுவது வழக்கம். அது போற்றத்தக்கதே. ஆனால் மாணவனின் பக்தி எவ்வளவு உயர்ந்தது என்பதால் ஆசான் கேட்டது நியாயமாகிவிடாது. கொடுக்காத கல்விக்குத் தட்சிணை பெறப்பட்டது. அதுவும், கற்ற கல்வியையே பயனற்றதாக்கும் உறுப்பு பெறப்பட்டது. ஓர் இளைஞனுடைய பதினெட்டாம், பத்தொன்பதாம் வயதுகள் அவன் வாழ்வின் கட்டைவிரல் போன்றவை. பின்னாளில் எதைப் பற்றுவதற்கும் அவன் பயன்படுத்தப் போவது அந்த ஆண்டுகளில் பெற்ற திறமையைத்தான். எதையும் கற்பிக்காமல் அந்த ஆண்டுகளை வாங்கிக்கொள்ளும் பணியிடம், கத்தியின்றியே தட்சிணை பெற்றுவிடுகிறது.

கடன் யாருடையது?

தமிழில் ‘கடன்’ என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. திருப்பிச் செலுத்த வேண்டியது என்றும் பொருள் உண்டு. மனிதன் கடன்களோடு பிறக்கிறான் என்பது வேதம் கண்ட உண்மை. அவற்றுள் ஒன்று ரிஷிகளுக்குப் பட்ட கடன். அது கற்பதால் தீர்க்கப்படுவது. கற்றது பிறரைச் சென்று சேராவிட்டால் அடுத்து வருபவன் தன் கடனைத் தீர்க்க வழியின்றிப் போகும். ஆகவே கற்பித்தலும் அக்கடனில் அடங்கியதே. சாத்திரங்களுக்குக் கூறப்பட்ட இந்த நெறி கைத்திறனுக்கும் பொருந்தும். அரத்தைப் பிடிக்கத் தெரிந்த எந்த மேற்பார்வையாளரும் அதைத் தாமே கண்டுபிடிக்கவில்லை. அவருடைய முதல் துண்டும் ஒருநாள் கழிவுத் தொட்டிக்குப் போனதுதான். அன்று யாரோ ஒருவர் அவர் கையில் இரண்டாவது துண்டைக் கொடுத்தார். அதைக் கொடுத்தவருக்கு அவர் திருப்பித் தர வழியில்லை; தமக்குப் பின் வருபவனுக்குத்தான் தர முடியும். கற்பிப்பவர் கருணை காட்டவில்லை, கடனைத் தீர்க்கிறார்.

இளைஞனுக்கும் கடன் உண்டு. பொறுமையும், சொன்னதைக் கேட்கும் பணிவும், கருவிகளைப் பேணும் ஒழுக்கமும், தன் பிழையை மறைக்காத நேர்மையும் அவன் செலுத்த வேண்டியவை. தரையைப் பெருக்குவதும் கருவிகளைத் துடைப்பதும் கற்றலின் பகுதியே. அவற்றை இழிவென்று கருதுபவன் தொழிலின் முதல் பாடத்தைத் தவறவிடுகிறான். ஆனால் பெருக்குவது மட்டுமே ஓராண்டுப் பாடமாகிவிட்டால், அதைக் கேள்வி கேட்க அவனுக்கும் அவன் ஆசிரியர்களுக்கும் உரிமை உண்டு.

சமூகத்தின் கடன் இவற்றினும் பழையது. மூளையால் செய்யும் வேலை உயர்ந்தது, கையால் செய்யும் வேலை தாழ்ந்தது என்ற எண்ணம் இன்னும் பல இல்லங்களில் வேரூன்றியிருக்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையைத்தான் தொழிற்பயிற்சிக்கு அனுப்புகின்றனர். அனுப்பும்போதே ‘இவன் தேற மாட்டான்’ என்ற தீர்ப்பையும் உடன் அனுப்புகின்றனர். அந்தத் தீர்ப்பைச் சுமந்து வரும் இளைஞனை, பணியிடத்திலும் அதே கண்ணோடு பார்ப்பது எளிதாகிவிடுகிறது. அவனைப் பெட்டி அடுக்க அனுப்பிய கை மேற்பார்வையாளருடையது. அதற்கு வழிவகுத்த மனம் அனைவருக்கும் பொதுவானது.

ஒரு பயிற்சி மெய்யானதா என்று அறிய ஓர் அளவுகோல் உண்டு. பயிற்சி முடியும் நாளில் அந்த இளைஞன் அந்த இடத்தை விட்டுப் போகவும் வல்லவனாக இருக்கிறானா? தான் கற்றதை எந்தப் பட்டறையிலும் செய்து காட்ட அவனால் முடியுமா? முடியுமென்றால், அவன் அங்கேயே தங்கினாலும் சுதந்திரமாகத் தங்குகிறான். முடியாதென்றால், எவ்வளவு சம்பளம் பெற்றாலும் கட்டுண்டே இருக்கிறான். மாணவனைத் தம் துணை தேவைப்படாதவனாக ஆக்கும் ஆசானையே நம் மரபு நல்லாசிரியர் என்று போற்றியது. மெய்ஞ்ஞானம் கற்பிக்கும் குருவுக்கு உரிய இந்த இலக்கணம், அரம் பிடிக்கக் கற்பிப்பவருக்கும் உரியதே.

இரும்புத் துண்டு கழிவுத் தொட்டியில் கிடக்கிறது. இளைஞன் தலைகுனிந்து நிற்கிறான். மேற்பார்வையாளருக்கு வேலை மிகுதி. மாலைக்குள் முடிக்க வேண்டியவை பல. ஆயினும் அவர் இன்னொரு துண்டை எடுத்து வைஸில் பொருத்தி, இளைஞனின் கைமேல் தம் கையை வைத்து, அரத்தை மெல்ல ஒருமுறை தள்ளிக் காட்டினால் போதும். அதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடத்தில், முன்பொரு நாள் அவர் பெற்றது உரிய இடத்தில் திருப்பிச் செலுத்தப்பட்டுவிடும்.